கேஸ் ஷீட்டைக் கணினிக்கு மாற்றும் முன்

நான் கணினிப் படிப்பு படித்தவன் இல்லை. 11 வருடம் மருத்துவமனை ரெக்கார்ட் ரூமில் ஏணி ஏறி இறங்கியவன். எங்கள் அறையில் நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைப் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து அடுக்குவோம். 00 முதல் 99 வரை நூறு தட்டுகள். எண்ணைக் காதில் வாங்கியதும் கால் தானாக அந்தத் தட்டுக்குப் போய்விடும். ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டு, "பேப்பர் எங்கெங்கே போகுதுன்னு உனக்குத்தானே தெரியும், இதையும் நீயே பாரு" என்று மென்பொருள் வேலையை என் தலையில் கட்டினார். அன்றிலிருந்து மூன்று வட்டார மருத்துவமனைகள் காகிதத்தை விட்டு கிளவுடுக்கு, அதாவது வெளியே எங்கோ இருக்கும் சர்வருக்கு, போனபோது கூடவே இருந்திருக்கிறேன். முதலாவது படுதோல்வி. மூன்றாவது பரவாயில்லை. கீழே இருப்பதில் பாதி, அந்த முதலாவதில் வாங்கிய அடி.

முதலில் பேப்பரின் பின்னால் நடங்கள்

மென்பொருள் விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன்பே இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். காலையில் பதிவு ஜன்னலில் எழுதப்படும் ஓபி சீட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது போகுமிடமெல்லாம் போங்கள். யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார், எங்கே காத்துக் கிடக்கிறது, எங்கே அதையே இன்னொரு நோட்டில் திரும்ப எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்நோயாளியின் கேஸ் ஷீட்டோடும் அப்படியே நடங்கள், இரவு ஷிப்டு உட்பட.

நடக்கும்போதுதான், எழுதாமலே கேஸ் ஷீட் எவ்வளவு பேசுகிறது என்று பிடிபடும். எங்கள் முதல் மருத்துவமனையில் டாக்டர் அறை வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் கேஸ் ஷீட் நிமிர்ந்து நின்றால் நோயாளி காத்திருக்கிறார். குறுக்கே படுத்திருந்தால் லேப் முடிவு வந்துவிட்டது, மறுபடி பார்க்க வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அதனால் மென்பொருள்காரரிடமும் யாரும் சொல்லவில்லை. மாறிய முதல் நாள், ரத்தம் கொடுத்த நோயாளிகள் மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முடிவுகள் ஒன்பதரை மணிக்கே கணினிக்குள் வந்துவிட்டன. வந்ததைச் சொல்லத்தான் பெட்டி இல்லை.

அச்சடித்த படிவங்களை மட்டும் எண்ணி நிறுத்திவிடாதீர்கள். சிஸ்டர்களின் சட்டைப்பையில் மடித்த துண்டுச்சீட்டு ஒன்று இருக்கும். கெஞ்சியாவது அதை வாங்கிப் பாருங்கள். எந்தப் படுக்கைக்கு எத்தனை மணிக்கு என்ன ஊசி, யாருக்கு ட்ரிப் மாற்ற வேண்டும், யாருடைய மகன் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறான் என்று அந்த ஷிப்டின் மொத்த வேலையும் அதில் இருக்கும். அந்தச் சீட்டுக்கு ஈடான ஒரு திரை மென்பொருளில் இல்லையென்றால், சீட்டு தொடரும். கணினியில் ஏறுவதெல்லாம் ஷிப்டு முடிந்த களைப்பில் நினைவிலிருந்து அடித்ததாக இருக்கும்.

ஓர் ஆளுக்கு ஓர் எண்

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம் இது. நான் மெதுவாகத்தான் போவேன்.

ரெக்கார்ட் ரூமில் ஒரே ஆளுக்கு மூன்று கேஸ் ஷீட் இருந்தால் தேடுகிறவருக்குக் கஷ்டம், அவ்வளவுதான். கணினியில் இருந்தால், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒரு பதிவில் நிற்கும், டாக்டர் திறப்பது இன்னொரு பதிவாக இருக்கும். அதைவிட மோசம், இரண்டு ஆட்கள் ஒரே பதிவில் கலந்துபோவது. இரட்டைப் பதிவைச் சேர்ப்பது சுலபம். கலந்ததைப் பிரிப்பது தயிரைத் திரும்பப் பாலாக்குகிற வேலை.

பழைய பதிவேட்டை ஓர் அட்டவணையில் ஏற்றி, பிறந்த தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள் திருவிழாக் கூட்டம்போல் நிற்பார்கள். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் எழுத்தர் போட்டுக்கொடுத்த பிறந்தநாள் அது. பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் ஒப்பிடும் நிரலிடம் இவர்களை விட்டால் ஒருவரோடு ஒருவரை ஒட்டிவிடும். தோராயமான வயது என்று தனியாகக் குறிக்க இடமிருக்கிறதா என்று கேளுங்கள். தொலைபேசி எண், தாய் பெயர், முகவரி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்து வையுங்கள். சந்தேகமானவை மனிதக் கண்ணுக்கு வரட்டும்.

புதிய எண்ணின் கடைசியில், முந்தைய இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் கேட்டு வாங்குங்கள். கடன் அட்டை எண்களில் இருக்கும் லூன் முறை, ஓர் இலக்கம் மாறினால் கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும், 09 என்பதை 90 என்று அடித்தால் மட்டும் ஏமாறும். 1969இல் யாகோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதர் வெளியிட்ட முறை அதையும் விடாது. இரவு மூன்று மணிக்குக் கண் சொருகச் சொருக எண் அடிக்கும் எழுத்தரைப் பார்த்திருக்கிறேன். அவருக்காகவே இது வேண்டும்.

பழைய பேப்பரில் எதை ஏற்றுவது

கூட்டத்தில் யாராவது ஒருவர் "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்" என்பார். ஒரே ஒரு தடித்த கேஸ் ஷீட்டை அவர் கையில் கொடுத்து, பின்களைப் பிடுங்கி, மடிப்புகளை நீவி, ஒட்டிய தாள்களைப் பிரித்து, ஸ்கேனர் விழுங்கும்படி தயார்செய்யச் சொல்லுங்கள். நேரமெல்லாம் அங்கேதான் போகிறது, ஸ்கேனரில் இல்லை. இவ்வளவு செய்தும் கிடைப்பது ஒரு படம். படத்தில் இருக்கும் ஒவ்வாமையைப் பார்த்து எந்த மென்பொருளும் டாக்டரை எச்சரிக்காது.

நாங்கள் மூன்றாவது மருத்துவமனையில் செய்தது இது. கடைசி 18 மாதத்தில் வந்தவர்கள், அவர்களிலும் முதலில் நீண்டநாள் நோய்க்காரர்களும் கர்ப்பிணிகளும். இவர்களுக்கு ஒவ்வாமை, இப்போதுள்ள நோய்கள், இப்போது சாப்பிடும் மருந்துகள் ஆகிய மூன்றையும் தட்டச்சு செய்தோம். கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் ஸ்கேன் செய்து இணைத்தோம். மற்றவர்களுடையது, அவர்கள் வரும் நாளில். பலர் வரவே இல்லை.

தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒன்றை மட்டும் உருப்போட வைத்தோம்: "ஒவ்வாமை இல்லை" வேறு, "கேட்கவில்லை" வேறு. கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் இரண்டாவதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். முதல் மருத்துவமனையில் காலிக் கட்டங்கள் எல்லாம் "இல்லை" என்று ஏறிவிட்டன. ஒரு மருந்தாளர் அதைக் கண்டுபிடித்தபோது ஆயிரக்கணக்கில் பதிவுகள் தாண்டியிருந்தன, அத்தனையையும் திரும்பத் திறந்தோம்.

ஸ்கேன் செய்வதில் இசிஜி தாள்களுக்கு முதலிடம். அது வெப்பத்தில் கறுக்கும் தாள். வெளிச்சத்திலும் சூட்டிலும் நாளாக நாளாக மங்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாலும் பசை தடவி ஒட்டினாலும் இன்னும் சீக்கிரம் போகும். பத்து வருடப் பழைய கேஸ் ஷீட்டில் இசிஜி ஒட்டிய இடத்தில் வெறும் வெள்ளைத்தாளைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி, ஸ்கேன் தெளிவு 300 டிபிஐ போதும். கோப்பு பிடிஎஃப்-ஏ வடிவில் இருக்கட்டும், நெடுநாள் பாதுகாப்புக்கென்றே 2005இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது அது. ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் நோயாளி எண்ணோடு ஒரு பார்கோடு தாள் வையுங்கள், கோப்புக்குக் கையால் பெயர் வைக்க விடாதீர்கள்.

மருந்துப் பட்டியலும் லேப் பட்டியலும்

இதை மென்பொருள்காரரின் பையன்களிடம் விட்டுவிடும் தவறை எல்லா இடத்திலும் செய்கிறார்கள். மருந்துப் பட்டியலை மருந்தாளர் ஒருவரும் மூத்த சிஸ்டர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். புள்ளிக்கு முன் பூஜ்ஜியம் வேண்டும்: .5 என்றிருந்தால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். புள்ளிக்குப் பின் வெறும் பூஜ்ஜியம் கூடாது: 1.0 என்பது 10 ஆகிவிடும். மைக்ரோகிராம், யூனிட் இரண்டையும் முழுச்சொல்லாகவே எழுதுங்கள். இன்சுலினுக்கு யூனிட் என்பதை ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கி எழுதினால் பக்கத்தில் ஒரு பூஜ்ஜியம்போல நிற்கும், 4 என்பது 40 ஆகும். கையெழுத்துக்காலப் பிழைதானே என்று நினைக்காதீர்கள். பட்டியலில் ஒருமுறை தப்பாக ஏறினால் கணினி அதை ஒவ்வொரு நோயாளிக்கும் அழகாக அச்சடித்துக் கொடுக்கும்.

லேபில் அலகுதான் எமன். சர்க்கரையை ஒரு கருவி மில்லிகிராமிலும் இன்னொன்று மில்லிமோலிலும் சொல்லும். லிட்டருக்கு 1 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு 18 மில்லிகிராம். 126 வர வேண்டிய இடத்தில் 7 என்று வந்து, அலகு ஒட்டாமல் திரையில் நின்றால் டூட்டி டாக்டர் குளுக்கோஸ் ஏற்ற ஓடுவார். ஒவ்வொரு கருவியையும் ஒரு தெரிந்த மாதிரியை வைத்து ஓட்டி, கருவியில் வந்த எண்ணும் வார்டு திரையில் வந்த எண்ணும் அலகோடு ஒன்றா என்று கண்ணால் பாருங்கள். பழைய கருவிகளில் சில இன்னும் சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பு வழியாகத்தான் பேசும். அதற்கான கேபிளும் இடைநிலைப் பெட்டியும் யார் செலவு என்பதை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

கிளவுட் எங்கேயோ, கேபிள் இங்கேதான்

விற்பனைக்காரர் சர்வர் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். நீங்கள் உங்கள் கட்டடத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். எழுத்தும் எண்களும் கிளவுடுக்குப் போவது சிறிய சுமை. படங்கள்தான் கனம். ஓர் எக்ஸ்-ரே 30 மெகாபைட் என்றால், மேலேற்றும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் உள்ள இணைப்பில் அது தனியாகப் போகவே 24 நொடி ஆகும். 500 மெகாபைட் சிடி ஸ்கேனுக்குக் கிட்டத்தட்ட 7 நிமிடம், அதுவும் வேறு யாரும் அந்த இணைப்பைத் தொடாமல் இருந்தால். ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது கீழிறக்கும் வேகம். மேலேற்றும் வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். படங்களை மருத்துவமனையிலேயே ஒரு பெட்டியில் வைத்து, அங்கிருந்து டாக்டருக்குக் காட்டி, இரவில் மெதுவாக மேலே அனுப்பும் ஏற்பாடுதான் சிறிய மருத்துவமனைக்குப் பொருந்தும்.

இரண்டு இணைப்பு வேண்டும், வேறு வேறு நிறுவனத்திடமிருந்து. இரண்டு கேபிளும் ஒரே குழி வழியாக வந்தால் ஒரு ஜேசிபி போதும், இரண்டும் போய்விடும். யூபிஎஸ் வாங்குகிறவர்கள் கணினிக்குத்தான் வாங்குகிறார்கள், சுவரில் தொங்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் வைஃபை பெட்டியையும் மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் போனதும் கணினி ஓடிக்கொண்டே இருக்கும், பேச ஆளிருக்காது. எக்ஸ்-ரே அறைச் சுவரில் ஈயத்தகடு இருப்பதால் அதற்கு அப்பால் வைஃபை எட்டாது. இதையெல்லாம் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மடிக்கணினியை டிராலியில் வைத்து வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.

ஒப்பந்தத்தில் நான் மூன்று வரிகளைத்தான் முதலில் தேடுவேன். எத்தனை சதவீத நேரம் இயங்கும்? 99.9 என்றால் வருடத்தில் சுமார் 8 மணி 45 நிமிடம் நின்றுபோகலாம், 99.5 என்றால் ஏறக்குறைய 44 மணி நேரம். திட்டமிட்ட பராமரிப்பு இந்தக் கணக்கில் சேருமா, சேராதா? அடுத்தது, கோளாறு வந்தால் எவ்வளவு நேரத்துப் பதிவு தொலையலாம், எவ்வளவு நேரத்தில் திரும்ப எழும். மூன்றாவது, நாம் விலகினால் தரவு எந்த வடிவில் கையில் வரும். எஃப்எச்ஐஆர், அதாவது வாயால் ஃபயர் என்று சொல்லும், மருத்துவத் தரவைப் பரிமாற எச்எல்7 அமைப்பு வகுத்த தரத்தில் கொடுக்க வேண்டும், படங்கள் மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவில் வர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். "எல்லாவற்றையும் பிடிஎஃப்பாகத் தருகிறோம்" என்றால், மறுபடி ரெக்கார்ட் ரூமைத்தான் தருகிறார்கள்.

மாறும் நாள்

பதிவு ஜன்னலில் தொடங்குங்கள். பிறகு லேப் முடிவுகள். தேடி ஓடாமல் முடிவு திரைக்கு வருவதைப் பார்த்த டாக்டர்கள்தான் அடுத்த கட்டத்தைத் தாங்களே கேட்பார்கள். பிறகு மருந்தகம், அதன்பின் டாக்டரின் குறிப்பும் மருந்து உத்தரவும், கடைசியாக வார்டு சார்ட்டுகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவதும் உண்டு. நூறு ஆலோசகர்களைக் கூட்டி வந்து நிறுத்த முடிகிறவர்களுக்கு அது.

திங்கட்கிழமை வேண்டாம், கூட்டம் அதிகம். வெள்ளி வேண்டாம், கோளாறு வந்தால் விடுமுறையில் ஆள் கிடைக்காது. நான் செவ்வாய்க்கு வாக்களிப்பேன். புதிய பயிற்சி டாக்டர்கள் சேரும் வாரத்தைத் தவிருங்கள். முதல் இரண்டு வாரம் ஓபி முன்பதிவைப் பாதியாகக் குறையுங்கள். நிர்வாகம் முகம் சுளிக்கும். குறைக்காவிட்டால் கூட்டம் தானாக இரண்டு மடங்கு நேரம் நிற்கும், அப்போது சுளிப்பது நோயாளிகள்.

ஒவ்வொரு ஷிப்டுக்கும் வார்டுக்கு ஒருவர் என்று உள்ளூர் வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். கணினி நன்றாகத் தெரிந்தவர் வேண்டாம், மற்றவர்கள் தயங்காமல் போய்க் கேட்கிறவர் வேண்டும். எங்களுக்கு அமைந்தவர் ஓய்வுபெற மூன்று வருடமே இருந்த ஒரு சிஸ்டர். இரு விரலால்தான் தட்டுவார். "எனக்கே வருது, உனக்கு வராதா" என்ற அவருடைய ஒரு வாக்கியம், எங்கள் இருபது மணி நேரப் பயிற்சியைவிட வேலை செய்தது.

அன்றைக்குப் படுக்கையில் இருக்கும் உள்நோயாளிகளின் மருந்துச் சார்ட்டை முந்தைய இரவே ஏற்ற வேண்டும். ஒருவர் அடிக்க, இன்னொருவர் காகிதத்தை உரக்க வாசித்துச் சரிபார்க்க வேண்டும். குறித்த நேரத்தில் காகிதச் சார்ட்டின் குறுக்கே கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதி எடுத்துவிடுங்கள். மருந்து உத்தரவு ஒரே சமயத்தில் காகிதத்திலும் கணினியிலும் இருக்க ஒரு மணி நேரம்கூட அனுமதிக்காதீர்கள். ஒரே ஊசியை இரண்டு பேர் போடுவதற்கு அதுதான் வழி. மற்றவற்றில் இரட்டை எழுத்து இருக்கலாம், ஆனால் முடியும் தேதி சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். தேதி இல்லாமல் தொடங்கிய இரட்டை எழுத்து எங்கள் முதல் மருத்துவமனையில் ஏழு மாதம் ஓடியது.

டாக்டர்களின் குறிப்புக்குப் படிவங்களைச் சிறிதாக வையுங்கள், மனம்போல் எழுத இடம் விடுங்கள். நேற்றைய குறிப்பை அப்படியே நகலெடுக்கும் பொத்தானை, முடிந்தால், மறைத்துவிடுங்கள். ஐந்தாம் நாளும் "நேற்று அனுமதிக்கப்பட்டார்" என்றே இருந்த நோயாளி ஒருவரை எனக்குத் தெரியும்.

நின்றுபோகும் நாள்

2021 மே 14 அன்று அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையின் கணினிகள் முழுவதும், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலில் முடங்கின. தாக்கியவர்களுக்கு வாசல் திறந்தது மார்ச் 18இல், ஓர் ஊழியர் மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பைத் திறந்தபோது. மருத்துவமனைகள் பேனாவுக்குத் திரும்பின, முழுக்க மீள மாதங்கள் ஆயின. ஆக, நின்றுபோவதை ஒரு மணி நேரக் கதையாக மட்டும் திட்டமிடாதீர்கள்.

வார்டுக்கு ஒரு சிவப்புப் பெட்டி வையுங்கள்: காகித மருந்துச் சார்ட், லேப் கேட்புப் படிவம், முன்கூட்டியே அச்சடித்த தற்காலிக எண்கள், பேனாக்கள். பேனாக்களை யாராவது எடுத்துப் போய்விடுவார்கள், மாதம் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு வார்டிலும் யூபிஎஸ்ஸில் இருக்கும் ஒரு கணினி, மணிக்கு ஒருமுறை அந்த வார்டின் மருந்துச் சார்ட்டுகளைத் தன் வட்டில் சேமித்து வைக்கட்டும். பக்கத்தில் யூஎஸ்பியில் நேரடியாக இணைந்த பிரிண்டர், வைஃபை பிரிண்டர் அல்ல. திரும்ப வந்தபின் காகிதத்தில் எழுதியதை யார், எந்த வரிசையில் ஏற்றுவது என்பதும் அந்தப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்க வேண்டும். ஒவ்வாமையும் கொடுத்த மருந்துகளும் முதலில்.

ஒரு மதியம் சொல்லாமல் ஒத்திகை வையுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் சிவப்புப் பெட்டியின் சாவி விடுப்பிலிருந்த ஒருவரிடம் இருந்தது. காப்பு நகலிலிருந்து திரும்ப எடுக்கும் சோதனையையும் மென்பொருள் நிறுவனத்தை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். எடுத்துப் பார்க்காத காப்பு நகலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடவுச்சொல் பற்றிச் சுருக்கமாக. வார்டு கணினியில் ஒருவர் காலையில் நுழைந்து, அவர் பெயரிலேயே எல்லோரும் மாலை வரை எழுதுவார்கள். திட்டிப் பயனில்லை. நுழைய 40 நொடி பிடிக்கிறதென்றால் நானும் அதைத்தான் செய்வேன். அடையாள அட்டையைத் தொட்டால் திறக்கும் கருவி வாங்குங்கள், பிறகு சட்டம் பேசுங்கள். அவசரத்தில் அனுமதியில்லாத பதிவையும் திறக்கும் வழி இருக்க வேண்டும், திறந்தவர் பெயரும் காரணமும் பதிவாக வேண்டும், அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறை ஒருவர் உண்மையிலேயே வாசிக்க வேண்டும். சக ஊழியர் அட்மிட் ஆன வாரத்தில் பட்டியல் நீளமாக இருக்கும்.

காலித் தட்டுகள்

பேப்பரை எப்போது அழிக்கலாம் என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும், மென்பொருள்காரர் சொல்ல மாட்டார். குழந்தைகளின் பதிவுகளுக்குப் பெரும்பாலும் காலம் நீளம். வழக்கில் இருப்பவற்றைத் தொடவே கூடாது. அதுவரை தட்டுகளை விற்காதீர்கள்.

ரெக்கார்ட் ரூம் ஆட்களை என்ன செய்வது என்பதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. முதல் மருத்துவமனையில் இருவரை வாசல் காவலுக்கு அனுப்பினார்கள். மூன்றாவதில், இரட்டைப் பதிவு என்று கணினி சந்தேகப்பட்டவற்றையெல்லாம் அவர்கள் முன்னால் வைத்தோம். "இது அந்தப் பாலத்துப் பக்கத்து அம்மா, அக்காவும் தங்கையும் ஒரே பெயர், சேர்க்காதீங்க" என்று திரையைப் பார்த்ததுமே ஒருவர் சொன்னார். பழைய கேஸ் ஷீட் இரண்டையும் எடுத்து வந்து பிரித்துப் பார்த்தோம். இரண்டு பேர்தான். 37ஆம் தட்டில் ஒன்று, 73இல் ஒன்று.